கட்டிக்குள் நுழைந்த டி செல்

இறந்துபோன ஒருவரின் இரண்டு சிறுநீரகங்கள் 1998-இல் ஸ்காட்லாந்தில் இரண்டு நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் அந்த இருவருக்குமே மெலனோமா வந்தது. மெலனோமா, தோலின் நிறமிச் செல்களில் தொடங்கும் புற்றுநோய். ஆனால் இவர்களுடைய தோலில் அது தொடங்கியதற்கான தடயமே இல்லை. தானம் கொடுத்தவரின் பழைய மருத்துவக் குறிப்புகளைத் தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. 16 ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மெலனோமா வந்து, அறுவை செய்து எடுத்திருந்தார்கள். அதன்பின் அது திரும்பவில்லை. குணமாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். கிளாஸ்கோ மருத்துவர்கள் 2003-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இதை எழுதினார்கள். சிறுநீரகம் பெற்ற இருவரில் ஒருவர் அந்த மெலனோமாவாலேயே இறந்தார்.

அந்தப் புற்றுச் செல்கள் 16 ஆண்டுகள் கொடையாளியின் உடலில் உயிரோடுதான் இருந்திருக்கின்றன. ஆனால் வளரவில்லை. அதே செல்கள் வேறு உடலுக்குப் போனதும் வளர்ந்துவிட்டன. இரண்டு உடல்களுக்கும் என்ன வேறுபாடு? மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், உடல் அதை நிராகரித்துவிடாமல் இருக்க நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளைத் தினமும் சாப்பிட வேண்டும். கொடையாளியின் உடலில் அந்தச் செல்களைத் தலைதூக்கவிடாமல் வைத்திருந்தவை அவருடைய நோயெதிர்ப்புச் செல்கள். புதிய உடல்களில் அந்த வேலையைச் செய்ய வேண்டிய செல்களை மாத்திரைகள் முடக்கிப் போட்டிருந்தன.

நோயெதிர்ப்பு மண்டலம் புற்றுநோயையும் கவனித்துக்கொள்கிறது என்ற எண்ணம் பழையது. ஜெர்மனியின் பால் எர்லிஷ் 1909-லேயே இதைச் சொன்னார். 1950-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் மேக்ஃபார்லேன் பர்னெட்டும் அமெரிக்காவின் லூயிஸ் தாமஸும் அதை ஒரு கொள்கையாக வளர்த்தார்கள். 1974-இல் ஒசியாஸ் ஸ்டுட்மன் என்ற ஆய்வாளர், டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பி இல்லாமல் பிறக்கும் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனத்தைக் கொடுத்துப் பார்த்தார். சாதாரண எலிகளுக்கு வந்த அளவே அவற்றுக்கும் கட்டிகள் வந்தன. அவ்வளவுதான், கொள்கை கிடப்பில் போடப்பட்டது. அந்த எலிகளின் நோயெதிர்ப்பு முழுவதும் இல்லாமல் போய்விடவில்லை, இயற்கைக் கொல்லி செல்கள் என்ற வேறு வகை நோயெதிர்ப்புச் செல்கள் அவற்றில் நன்றாகவே வேலை செய்தன என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. நல்ல சோதனை ஒன்று தவறான முடிவுக்கு இழுத்துச் சென்று, ஒரு துறையையே கால் நூற்றாண்டு தாமதப்படுத்தியது.

மறுபடி கதவைத் திறந்தவர் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஷ்ரைபர். டி செல்லும், இன்னொரு வகை நோயெதிர்ப்புச் செல்லான பி செல்லும் அறவே உருவாகாத எலிகளில் அவருடைய குழு கட்டிகளை வளர்த்தது. சாதாரண எலிகளைவிட இவற்றுக்குக் கட்டிகள் அதிகம் வந்தன. அது எதிர்பார்த்ததுதான். 2001-இல் வெளியான அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்த படி. இரண்டு வகை எலிகளிலிருந்தும் கட்டிகளை எடுத்து, ஆரோக்கியமான புது எலிகளுக்குள் வைத்தார்கள். நோயெதிர்ப்புள்ள எலியில் வளர்ந்த கட்டிகள் எல்லாமே புது இடத்திலும் வளர்ந்தன. நோயெதிர்ப்பில்லாத எலியில் வளர்ந்தவற்றிலோ ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை அந்த ஆரோக்கியமான எலிகள் அழித்துவிட்டன. அப்படியென்றால், நோயெதிர்ப்பு இருக்கும் உடலில் வளர்ந்து பெரிதாகும் கட்டி சாதாரணக் கட்டி இல்லை. எளிதில் அடையாளம் தெரிந்த செல்கள் எல்லாம் அழிந்துபோன பிறகு எஞ்சியவற்றின் வாரிசு அது. ஸ்கேனில் ஒரு கட்டி தெரிகிறது என்றால், டி செல்களோடு பல ஆண்டுகள் பழகி, அவற்றைச் சமாளிக்கத் தெரிந்த கட்டி அது.

எப்படிச் சமாளிக்கிறது? அதற்கு முதலில், ஒரு டி செல் தன் வேலையைச் சரியாகச் செய்யும்போது என்ன நடக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்துவிடலாம்.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். அந்த நெறி ஒரு நிணநீர்க் கணு. டி செல்கள் பாடம் படிப்பது அங்கேதான். பாடம் சொல்லிக்கொடுப்பது டென்ட்ரைட்டிக் செல். நாலாபக்கமும் கிளைகள் நீட்டியிருக்கும் இந்தச் செல், தான் இருக்கும் திசுவில் சிதறிக் கிடக்கும் புரதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு கணுவுக்கு வந்து, அவற்றைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். ஆயிரக்கணக்கான டி செல்கள் ஒவ்வொன்றாக வந்து உரசிப் பார்த்துவிட்டுப் போகும். எந்த டி செல்லின் ஏற்பி அந்தத் துண்டோடு பொருந்துகிறதோ அது நின்றுவிடும். பொருந்தினால் மட்டும் போதாது. டென்ட்ரைட்டிக் செல் இரண்டாவதாக ஒரு சைகையும் கொடுக்க வேண்டும். அதை வாங்கிக்கொள்வது டி செல்லின் சி.டி-28 என்ற ஏற்பி. இரண்டும் கிடைத்தால்தான் டி செல் விழித்துக்கொண்டு பெருகத் தொடங்கும்.

இந்த டென்ட்ரைட்டிக் செல்லை 1973-இல் உலகுக்குக் காட்டிய ரால்ஃப் ஸ்டைன்மனுக்குப் பின்னாளில் கணையப் புற்றுநோய் வந்தது. தன் செல்களிலிருந்தே தயாரித்த தடுப்பு மருந்துகளைத் தன் உடலிலேயே செலுத்திக்கொண்டார். 2011 செப்டம்பர் 30 அன்று இறந்தார். மூன்று நாள் கழித்து நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிக்கும்போது அவர் இறந்த செய்தி குழுவுக்குத் தெரியாது. இறந்தவர்களுக்குப் பரிசு இல்லை என்ற விதி இருந்தும், அவருக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்று முடிவு செய்தார்கள்.

விழித்த டி செல் ரத்தத்தில் ஏறிக் கட்டியைத் தேடிப் போகிறது. அதன் குறுக்களவு ஏழு மைக்ரான் அளவுதான். ஒரு மில்லிமீட்டருக்குள் நூறுக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தலாம். நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் தமக்குள் தயாராகும் புரதங்களின் சிறு துண்டுகளை, எம்.எச்.சி என்ற மூலக்கூறில் செருகி வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். எட்டுப் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகள். புற்றுச் செல்லில் மரபணுக்கள் பிறழ்ந்திருப்பதால் அது காட்டும் துண்டுகளில் சில வழக்கத்துக்கு மாறாக இருக்கும். அதைக் கண்டுகொண்ட டி செல் புற்றுச் செல்லோடு ஒட்டி நிற்கும். ஒட்டிய இடத்தை நோக்கித் தன் நச்சுப் பொட்டலங்களை எல்லாம் நகர்த்தும். பெர்ஃபோரின் என்ற புரதம் எதிரிலிருக்கும் செல்லின் சவ்வில் துளை போட, கிரான்சைம் உள்ளே போய் அந்தச் செல்லைத் தானாகவே சாகும்படி செய்யும். பிறகு டி செல் விலகி அடுத்த செல்லிடம் போகும். ஒரே டி செல் இப்படி அடுத்தடுத்துப் பல செல்களைக் கொல்லக் கூடியது.

புற்றுச் செல்லுக்குத் தப்பிக்க எளிய வழி, எதையும் காட்டாமல் இருப்பது. எம்.எச்.சி-யைச் செய்யும் மரபணுக்களைத் தொலைத்துவிட்ட கட்டிகள் ஏராளம். நுரையீரல் புற்றுநோயில் இது சாதாரணமாகக் காணப்படுகிறது. ஆனால் இதற்கும் உடலில் ஒரு பதில் உண்டு. எம்.எச்.சி காட்டாத செல்லைக் கண்டால் கொல்வதே இயற்கைக் கொல்லி செல்களின் பழக்கம். ஸ்வீடனின் கிளாஸ் காரே 1980-களில் கண்டறிந்தது இது. கட்டி அதையும் ஓரளவு சமாளித்துவிடுகிறது. துன்பத்தில் இருக்கும் செல்கள் தம் மேற்பரப்பில் ஏற்றும் ஒருவகைப் புரதத்தைப் பார்த்துத்தான் இயற்கைக் கொல்லி செல் கிளர்ச்சி அடையும். கட்டி அந்தப் புரதத்தை வெட்டி ரத்தத்தில் விட்டுவிடுகிறது. கொல்லி செல்லின் ஏற்பிகள் மிதக்கும் துண்டுகளையே பிடித்துப் பிடித்து மழுங்கிப்போகின்றன.

ஒளிந்துகொள்வது எளிதில் புரியும். ஒளியாத கட்டிகளின் கதைதான் விசித்திரம். டி செல்கள் கண்டுபிடித்துவிட்டன, கட்டிக்குள் நுழைந்தும்விட்டன, எண்ணிக்கையிலும் குறைவில்லை. ஆனாலும் கட்டி வளர்கிறது. உள்ளே இருக்கும் டி செல்களுக்கு என்ன ஆயிற்று?

இதற்கான விடை கிடைத்தது புற்றுநோய் ஆய்வில் இல்லை. எல்.சி.எம்.வி என்பது எலிகளுக்கு வரும் ஒரு வைரஸ். அதில் ஆம்ஸ்ட்ராங் என்ற ரகம் தொற்றினால், எலி ஒரு வாரம் பத்து நாளில் வைரஸைத் துடைத்தெடுத்துவிடும். குளோன் 13 என்ற ரகம் மரபணுவில் மிகச் சிறிய மாற்றம் மட்டுமே கொண்டது. அது தொற்றினால் மாதக்கணக்கில் போகாது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ரஃபி அகமதின் குழு, இந்த இரண்டாவது வகை எலிகளின் டி செல்களை 1998-இல் ஆராய்ந்தது. ஐதராபாத்தில் பிறந்து உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தவர் அகமது. வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் அந்த எலிகளில் இருந்தன. சாகவில்லை, ஓடவில்லை. வேலை மட்டும் செய்யவில்லை. இந்த நிலைக்குக் களைப்பு என்று பெயர்.

களைப்பு ஒரேயடியாக வருவதில்லை. அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டி செல் தன் இனம் பெருகுவதற்கான இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தைச் சுரப்பதை நிறுத்தும். பெருகும் வேகமும் கொல்லும் திறனும் குறையும். பிறகு டி.என்.எஃப் என்ற அழற்சிப் புரதம் நிற்கும். கடைசியாக, மற்ற செல்களை உசுப்பிவிடும் இன்டர்ஃபெரான் காமாவும் வறண்டுபோகும். அதோடு, இந்தச் செல்களின் மேல் ஓர் ஏற்பி மிதமிஞ்சி முளைத்திருக்கும். அதுதான் பி.டி-1.

பி.டி-1-ஐக் கண்டுபிடித்தது ஜப்பானில், கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தசுகு ஹோன்ஜோ ஆய்வகம், ஆண்டு 1992. அவருடைய குழுவின் யசுமாசா இஷிதா தேடியது செல்கள் தம்மைத் தாமே சாகடித்துக்கொள்ளும் மரபணுவை. பி.டி என்ற எழுத்துகளே அந்தச் சாவைக் குறிப்பவைதான். கிடைத்த மரபணுவுக்கும் அந்தச் சாவுக்கும் நேரடித் தொடர்பில்லை என்று பின்னர் தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அந்த மரபணுவை நீக்கிய எலிகளை ஹோன்ஜோ குழு பொறுமையாக வளர்த்துப் பார்த்தது. வயதானபோது அவற்றுக்கு லூபஸ் போன்ற நோய் வந்தது. அதாவது எலியின் நோயெதிர்ப்பு எலியின் உடலையே தாக்கியது. ஆக, பி.டி-1 டி செல்லுக்கு ஒரு பிரேக். அதை அழுத்துவது பி.டி.எல்-1 என்ற புரதம். நம் உடலின் பல திசுக்கள் தேவைப்படும்போது அதை மேற்பரப்பில் ஏற்றிக்கொள்ளும்.

எப்போது தேவைப்படும்? பக்கத்தில் டி செல்கள் ஆக்ரோஷமாக வேலை செய்யும்போது. டி செல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா பட்டதுமே சுற்றியுள்ள செல்கள் பி.டி.எல்-1-ஐ ஏற்றிவிடும். தொற்று ஓரிடத்தில் இருக்க, அக்கம்பக்கத்துத் திசு முழுவதும் நாசமாகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. புற்றுச் செல்லும் நம் உடலின் செல்தானே. அதன் மரபணுக்களிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. டி செல் வந்து தாக்கத் தொடங்கியதும், அந்தத் தாக்குதலே கட்டிக்குள் பி.டி.எல்-1-ஐ ஏற்றிவிடுகிறது. எவ்வளவு கடுமையாகத் தாக்குகிறதோ அவ்வளவு அழுத்தமாகப் பிரேக் விழுகிறது.

புற்றுநோயைத் தந்திரக்காரன், சதிகாரன் என்று எழுதுவது நம் பத்திரிகைகளுக்கு வழக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. இந்த அத்தியாயத்தில் வரும் வழிகளைப் பாருங்கள். புற்று சொந்தமாகக் கண்டுபிடித்தது என்று சொல்லக் கூடியவை குறைவு. பெரும்பாலானவை உடல் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருப்பவை. களைப்பும் அப்படித்தான். அகமதின் ஆய்வகம், ஹார்வர்டின் ஆர்லீன் ஷார்ப், கோர்டன் ஃப்ரீமன் ஆகியோருடன் சேர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், குளோன் 13 தொற்றிய எலிகளுக்கு இந்தப் பிரேக்கைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். களைத்த டி செல்கள் மீண்டும் எழுந்தன, வைரஸ் குறைந்தது. உலகமே இதைக் கொண்டாடியது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. பி.டி.எல்-1 மரபணுவே இல்லாமல் பிறந்த எலிகளுக்கு அந்த வைரஸைக் கொடுத்தபோது அவை சில நாட்களில் செத்துப்போயின. கொன்றது வைரஸ் இல்லை. களைக்காத டி செல்கள்.

2019-இல் பல ஆய்வகங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில், களைப்பை நடத்தி வைக்கும் டாக்ஸ் என்ற புரதத்தை அடையாளம் கண்டன. அதை நீக்கினால் டி செல் களைக்காது என்று எதிர்பார்த்தார்கள். களைக்கவில்லைதான், ஆனால் கொஞ்ச நாளில் அந்த டி செல்களே இல்லாமல் போயின. ஓயாத தூண்டுதலில் அவை தாக்குப்பிடிக்கவில்லை. களைத்திருப்பது, சாகாமல் இருப்பதற்கு டி செல் கொடுக்கும் விலை.

கட்டிக்குள் இருக்கும் டி செல்லுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினையும் உண்டு. ஆக்சிஜன் இருக்கும்போதும் புற்றுச் செல்கள் குளுக்கோஸை அரைகுறையாக எரித்து லாக்டிக் அமிலமாக்கித் தள்ளுகின்றன என்று ஓட்டோ வார்பர்க் 1920-களில் காட்டினார். விழித்த டி செல்லும் ஏறக்குறைய அதே முறையில்தான் எரிக்கிறது. அதற்கும் குளுக்கோஸ் நிறைய வேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் இருந்தால் முந்திக்கொள்வது பெரும்பாலும் புற்று. குளுக்கோஸ் குறைந்த டி செல்லில் இன்டர்ஃபெரான் காமா உற்பத்தி படுத்துவிடுவதை 2015-இல் வெளியான சோதனைகள் காட்டின. தள்ளப்பட்ட லாக்டிக் அமிலம் வேறு சுற்றிலும் புளிப்பாகத் தேங்கி நிற்கிறது. ரத்தத்தின் கார அமில அளவு 7.4, பல கட்டிகளுக்குள் அது 7-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்தப் புளிப்பில் டி செல்லின் வேலை மந்தமாகும்.

இதைப் படித்துவிட்டு, சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடந்து சாகும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். நாம் சர்க்கரையைத் தொடாவிட்டாலும் கல்லீரல் ரத்தத்தில் குளுக்கோஸைக் குறையாமல் வைத்திருக்கும். முதலில் பட்டினி கிடப்பது நோயாளிதான்.

டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தின் கதை இன்னும் சுவையானது. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் டேவிட் மன், ஆண்ட்ரூ மெல்லர் என்ற இருவர் கர்ப்பம் பற்றிய பழைய புதிர் ஒன்றை ஆராய்ந்தார்கள். கருவில் பாதி தந்தையின் மரபணுக்கள். தாயின் டி செல்களுக்கு அது அந்நியம். ஏன் தாக்குவதில்லை? நஞ்சுக்கொடியின் செல்கள் ஐ.டி.ஓ என்ற நொதியால் அந்த இடத்தில் டிரிப்டோஃபேனைச் சிதைத்துவிடுகின்றன. அது கிடைக்காமல் டி செல்கள் முடங்குகின்றன. 1998-இல் அவர்கள் கர்ப்பிணி எலிகளுக்கு அந்த நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது, வேறு ரகத் தந்தையின் கருக்கள் நிராகரிக்கப்பட்டன. தாயின் ரகத்தையே சேர்ந்த தந்தையின் கருக்கள் தப்பின. சில ஆண்டுகளில், மனிதக் கட்டிகள் பலவற்றில் அதே ஐ.டி.ஓ இருப்பது தெரியவந்தது. பிள்ளையைத் தாயிடமிருந்து காக்கும் ஏற்பாட்டையே கட்டியும் எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் ஐ.டி.ஓ-வைத் தடுத்தால் தீர்ந்தது என்று மருந்து நிறுவனங்கள் பாய்ந்தன. 700-க்கும் மேற்பட்ட மெலனோமா நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனை 2018-இல் தோற்றது. கட்டி ஒரே வழியை நம்பி இருப்பதில்லை. ஒன்றை அடைத்தால் இன்னொன்று ஏற்கெனவே திறந்திருக்கும்.

2025 ஜனவரியில் ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் கூட்டாளிகளும் நேச்சர் இதழில் எழுதியதைப் படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. செல்லுக்கு ஆற்றல் தருவது மைட்டோகாண்ட்ரியா. புற்றுச் செல்கள் தம்முடைய பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாவை டி செல்லுக்குள் அனுப்புகின்றன. டி செல் பழுதானதை வழக்கமாகச் சிதைத்துவிடும். ஆனால் அனுப்பப்பட்டவற்றோடு சிதைவைத் தடுக்கும் மூலக்கூறும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நாளடைவில் டி செல்லின் சொந்த மைட்டோகாண்ட்ரியா போய், பழுதானவையே நிறைந்துவிடுகின்றன. எதிர்த்திசையில், புற்றுச் செல்கள் மெல்லிய குழாய்களை நீட்டி நோயெதிர்ப்புச் செல்களின் நல்ல மைட்டோகாண்ட்ரியாவை உறிஞ்சுவதை 2021-இல் வேறொரு குழு ஏற்கெனவே காட்டியிருந்தது.

டி செல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மற்றவையும் பாதிக்கப்படாமல் இல்லை. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் கட்டிக்குள் கூட்டமாக இருக்கும். சில கட்டிகளில் மற்ற எல்லா நோயெதிர்ப்புச் செல்களையும்விட அதிகமாக. அவை அங்கே கொல்வதில்லை. புது ரத்தக்குழாய் முளைக்க உதவுகின்றன, திசுவைப் புதுப்பிக்கின்றன, டி செல்களை அமைதிப்படுத்துகின்றன. ஆறும் புண்ணில் மேக்ரோஃபேஜ் செய்ய வேண்டிய வேலை இதுவேதான். கட்டியை ஆறாத புண் என்று ஹார்வர்டு நோயியலாளர் ஹெரால்டு டுவோராக் 1986-இலேயே விவரித்தார். அடுத்து, ஒழுங்குபடுத்தும் டி செல்கள். மற்ற டி செல்கள் நம் உடலைத் தாக்காமல் அடக்கிவைப்பது இவற்றின் பணி. இவை இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் கடும் தன்னெதிர்ப்பு நோய்க்கு ஆளாகிறார்கள். இவற்றைக் கண்டறிந்ததற்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவரும் 2025-இல் மருத்துவ நோபல் பெற்றார்கள். கட்டிகள் ரசாயனச் சைகை அனுப்பி இந்தச் செல்களைத் தம்மிடம் வரவழைத்துக்கொள்கின்றன.

அறுவை செய்த கட்டியை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் இதில் பாதியைக் கண்ணாலேயே பார்க்கலாம். டி செல்கள் உள்ளிட்ட லிம்போசைட்டுகள் கருநீலப் புள்ளிகளாகத் தெரியும். சின்னதாக, உருண்டையாக, ஏறக்குறைய முழுவதும் உட்கருவாகவே இருக்கும். சில கட்டிகளில் அந்தப் புள்ளிகள் புற்றுச் செல்களுக்கு நடுவே நடுவே நிறைந்திருக்கும். சிலவற்றில் ஓரத்தில் வரிசைகட்டி நிற்கும், உள்ளே ஒன்றுகூட இராது, நார்த்திசுவும் டி.ஜி.எஃப் பீட்டா என்ற புரதமும் அவற்றை வெளியிலேயே நிறுத்தியிருக்கும். சிலவற்றில் தேடினாலும் புள்ளி கிடைக்காது. பெருங்குடல் புற்றுநோயில் இந்தப் புள்ளிகளை எண்ணிப் பார்ப்பது, கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்ற வழக்கமான கணக்கைவிட நோயாளியின் எதிர்காலத்தை நன்றாகச் சொல்கிறது என்று பாரிஸில் ஜெரோம் கலோன் 2006-இல் காட்டினார்.

பிரேக்கிலிருந்து காலை எடுக்க வைத்தால் என்ன ஆகும்? கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜேம்ஸ் ஆலிசன் 1990-களில் இதைக் கேட்டார். அவர் எடுத்துக்கொண்டது வேறொரு பிரேக், சி.டி.எல்.ஏ-4. நிணநீர்க் கணுவில் டென்ட்ரைட்டிக் செல் கொடுக்கும் இரண்டாவது சைகையை சி.டி-28-க்குக் கிடைக்கவிடாமல் தட்டிப் பறிக்கும் ஏற்பி அது. அதை மறைக்கும் எதிர்ப்புரதத்தைக் கொடுத்தபோது எலிகளின் கட்டிகள் கரைந்தன; 1996-இல் அந்த ஆய்வு வெளியானது. மனிதர்களுக்கான இபிலிமுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற 2011 ஆகிவிட்டது. பி.டி-1-ஐத் தடுக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் 2014-இல் வந்தன. மறு ஆண்டு, 90 வயதான முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தன் மெலனோமா கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவிவிட்டதாக அறிவித்தார். அறுவை, கதிர்வீச்சு, அதோடு பெம்ப்ரோலிசுமாப். நான்கே மாதத்தில் மூளை ஸ்கேனில் புற்று தெரியவில்லை. அவர் 100 வயது வரை வாழ்ந்து 2024 டிசம்பரில் மறைந்தார். ஆலிசனும் ஹோன்ஜோவும் 2018-இல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

எல்லோரும் கார்ட்டர் ஆகிவிடுவதில்லை. இபிலிமுமாப் பெற்ற முற்றிய மெலனோமா நோயாளிகளில் மூன்றாண்டு தாண்டியவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான். அப்படித் தாண்டியவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் நன்றாக இருந்தார்கள் என்பதுதான் புதுமை. மற்றவர்களுக்கு ஏன் பலிக்கவில்லை? ஒரு காரணம் நுண்ணோக்கியிலேயே தெரிந்தது: புள்ளிகளே இல்லாத கட்டியில் எதன் பிரேக்கை விடுவிப்பது? இன்னொரு காரணம் டி செல்லின் உட்கருவில் இருக்கிறது. முழுவதும் களைத்துப்போன செல்லில் டி.என்.ஏ சுருண்டிருக்கும் விதமே மாறி இறுகிவிடுகிறது. பிரேக்கை எடுத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மருந்துக்கு எழுந்து பெருகுபவை, இன்னும் முழுவதும் களைக்காமல் ஒதுங்கியிருக்கும் சிறு கூட்டம் என்று அகமதின் ஆய்வகம் 2016-இல் கண்டது. அந்தக் கூட்டம் தீர்ந்துபோகும் முன் மருந்து போய்ச்சேர வேண்டும். கட்டியை வெட்டி எடுப்பதற்கு முன்பே இந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கும் இன்றைய போக்குக்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில் இதற்கெல்லாம் முன்னால் நிற்பது விலை. வழக்கமான அளவில் நிவோலுமாப் வாங்கக் கூடியவர்கள் இந்தியாவில் மிகச் சிலரே. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். பி.டி-1 ஏற்பிகளை மூடுவதற்குச் சிறிய அளவே போதும் என்று ஆரம்பகட்ட ஆய்வுகளிலேயே தெரிந்திருந்தது. ஆகவே, முற்றிய வாய், தொண்டைப் புற்றுநோயாளிகளுக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம், விலை குறைந்த மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 2022-இல் வெளியான முடிவு: மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதம், ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 சதவீதம். வெற்றிலை பாக்கும் புகையிலையும் மென்று வாய்ப்புற்று வாங்கிக்கொள்ளும் நாட்டுக்கு, கடந்த பத்தாண்டின் மிகப் பயனுள்ள புற்றுநோய் ஆய்வு இதுவே என்பது என் கணிப்பு.

பிரேக்கை எடுப்பதற்கு உடல் வசூலிக்கும் விலை தனி. மெலனோமாவுக்கு மருந்து பெறுபவர்களில் சிலருக்குத் தோலில் வெண்புள்ளிகள் வருகின்றன. நிறமிச் செல்லில் பிறந்த புற்றைத் தாக்கக் கிளம்பிய டி செல்கள் நல்ல நிறமிச் செல்களையும் விடுவதில்லை. மருத்துவர்கள் அதைக் கண்டு மகிழ்வதும் உண்டு, மருந்து வேலை செய்வதற்கு அது பெரும்பாலும் அறிகுறி. குடல், தைராய்டு, கல்லீரல், நுரையீரல், அபூர்வமாக இதயம் ஆகியவை தாக்கப்படும்போது மகிழ இடமில்லை. கீமோவின் பக்கவிளைவு போல ஊசி போட்ட வாரத்திலேயே இது வந்துவிட வேண்டும் என்பதில்லை. மாதக்கணக்கில் கழித்தும் வரலாம், மருந்தை நிறுத்திய பிறகும் வரலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஸ்டீராய்டு கொடுத்துப் பெரும்பாலும் அடக்கிவிடலாம்.

அதனால், உங்கள் வீட்டில் யாராவது இந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, விடாத இருமல், நெஞ்சுவலி, கண் மஞ்சளாவது, தாங்க முடியாத அசதி என்று எது வந்தாலும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். புற்றுநோய் மருத்துவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், இம்யூனோதெரபி, அதாவது இந்த நோயெதிர்ப்புச் சிகிச்சை, எடுத்தவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.